முழுநேர பிஎச்.டி., இப்போது ஐந்து மாதக் கர்ப்பம்: விடுப்பை யாரிடம், எப்படிக் கேட்பது?

கரிமவேதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முழுநேர ஆய்வு செய்கிறேன். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குகிறேன். கோர்ஸ் ஒர்க் முடிந்து, வேலை இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிய இன்னும் சில மாதங்கள்தான். இந்த நேரத்தில் ஐந்தாம் மாதம்.

கைடு நல்லவர்தான். சொன்னதும் வாழ்த்தினார். மறுநாள் கூப்பிட்டு, "பார்ட் டைமுக்கு மாத்திக்கோம்மா, உனக்கும் டென்ஷன் இல்ல, எனக்கும் இல்ல" என்றார். துறைத்தலைவர் இன்னும் ஒரு படி மேலே போய், "ஒரு வருஷம் நிறுத்திட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் "மெட்டர்னிட்டி லீவ் ஸ்டாஃபுக்குத்தான், ஸ்காலருக்கு ஏது?" என்று பதில். எங்கள் வளாகத்தில் மகளிர் மேம்பாட்டு மையம் என்று ஒன்று உண்டு. அங்கேயும் போனேன். பூட்டியிருந்தது. கதவில் மார்ச் 8 கோலப் போட்டி முடிவு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு விடுப்பு உண்டா இல்லையா? உதவித்தொகை நிற்குமா? லேபில் தினமும் டி.எம்.எஃப்., டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்களோடுதான் போகிறது, அந்த ஆவியை வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் பாதி நாள் ஓடாது. அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

வாழ்த்துகள் பா. விடுப்பு உண்டு, நான் எடுத்திருக்கிறேன் (வேறு பல்கலைக்கழகம், தமிழ்த் துறை). பார்ட் டைமுக்கு மட்டும் மாறிவிடாதே. மாறினால் ஜே.ஆர்.எஃப். போச்சு, அது முழுநேர ஆய்வாளருக்குத்தான். எனக்கு உதவித்தொகை நிற்கவில்லை, ஆனால் தாமதமாக மொத்தமாக வந்தது. கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள். விதிமுறையெல்லாம் எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது, பழைய கோப்பம்மா இந்தப் பக்கம் வந்தால் சொல்வார்.

பழையகோப்பு எழுதியது:

வந்துவிட்டேன். புதியவர்களுக்காக: நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பதிவு முதல் வைவா வரை ஒரு பிஎச்.டி. கோப்பு எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்பது எனக்கு அத்துப்படி.

கேளும்மா. "ஸ்டாஃபுக்குத்தான்" என்று சொன்னவர் உன்னை ஏமாற்றவில்லை. நீ போய் நின்றது பணியாளர் பிரிவு, அவர் மேசையில் இருப்பது பணியாளர் விடுப்பு விதி. உன் விஷயம் ஆராய்ச்சிப் பிரிவில். அங்கே பேச வேண்டியது யு.ஜி.சி. 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குவிதிகள். பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக்காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ கொடுக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இது நேற்று வந்த சலுகையும் இல்லை. 2016 விதியிலேயே இதே 240 நாள் உண்டு. முழுவதற்கும் சேர்த்து என்பதால் எல்லாவற்றையும் பிரசவத்தோடு தீர்த்துவிடாதே. குழந்தை நடக்கிற வயதில் வரும் காய்ச்சலுக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

யு.ஜி.சி. சொன்னால் போதாது, உன் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. ஒழுங்குவிதியிலும் அது ஏறியிருக்க வேண்டும். பல்கலைக்கழக இணையதளத்தில் ஆராய்ச்சிப் பக்கத்தில் பி.டி.எஃப். இருக்கும், அதில் விடுப்பு, கால நீட்டிப்பு என்ற தலைப்புகளைப் பார். பெரும்பாலும் யு.ஜி.சி. வரியையே அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள். இருந்தால் அந்தப் பிரிவின் எண்ணைக் குறித்துக்கொள். பிரிவு எண் போட்ட விண்ணப்பத்தை யாரும் சும்மா திருப்பி அனுப்ப மாட்டார்கள். திருப்பினால் காரணத்தை எழுத வேண்டுமே!

ஆய்வுக்காலம் பற்றிப் பயப்படாதே. சேர்ந்த நாளிலிருந்து 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு, மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக்கூடாது. விடுப்பு நாட்கள் அந்த 6 ஆண்டுக்குள் கழியுமா, தனியா என்பதைத்தான் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் விடுப்பு ஆணையிலேயே அதை ஒரு வரியாகக் கேட்டு வாங்கு.

பார்ட் டைம் யோசனை எனக்குப் புரியவே இல்லை. அது வேலையில் இருப்பவருக்கான வழி, வேலை கொடுத்தவரிடம் தடையின்மைச் சான்று கேட்பார்கள். நீ யாரிடம் போய் வாங்குவாய்? உன் மாமியாரிடமா? துறைத்தலைவர் சொல்லும் "நிறுத்திட்டு வா" இன்னும் மோசம். ஆணை இல்லாமல் நின்றால் கோப்பில் அது விடுப்பு ஆகாது, ஆய்வாளர் வரவில்லை என்று ஆகும். உதவித்தொகைக்கு மாதாமாதம் பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டுமில்லையா, அந்த மாதமே நின்றுவிடும்.

இன்னொன்று, இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டாம் ஆண்டு முடிகிறது என்கிறாய். ஜே.ஆர்.எஃப். இரண்டு ஆண்டு முடிந்ததும் மதிப்பீட்டுக் குழு கூடி உன்னை அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப்.க்கு உயர்த்த வேண்டும். மாதம் 37,000 இருப்பது 42,000 ஆகும். உன் கணக்குப்படி அந்தத் தேதி பிரசவத்தை ஒட்டி வருகிறது. குழுவில் வெளியாள் ஒருவர் இருப்பார், அவருடைய தேதி கிடைப்பதுதான் எப்போதும் தகராறு. இப்போதே கைடிடம் சொல்லி, இரண்டு ஆண்டு முடியும் முன்பே நீ எழுதவேண்டிய முன்னேற்ற அறிக்கையை முடித்து வை. கட்டுரை ஏதாவது அனுப்பியிருந்தால் அதையும் சேர். தேதி எப்போது கிடைத்தாலும் உட்கார்ந்து பேசுகிற நிலையில் இரு, இல்லாவிட்டால் காணொலியில் பேச அனுமதி கேள்.

மகளிர் மையத்தை விடு. கோலப் போட்டி நடத்த ஒரு மையம் எதற்கு என்று நானும் பணியில் இருந்தபோது கேட்டிருக்கிறேன். இந்த 240 நாளை ஒரு தாளில் அச்சடித்து அந்தக் கதவில் ஒட்டியிருந்தாலே உனக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

சிலிக்காஜெல் எழுதியது:

லேப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன் அக்கா, நானும் கரிம வேதியியல்தான்.

டி.எம்.எஃப். பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். எச்360டி என்று இருக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யலாம் என்பதற்கான குறியீடு அது. மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் ஏறும். நாம் எல்லோரும் போடும் நீல நைட்ரைல் கையுறை டி.எம்.எஃப்.க்கு ரொம்ப நேரம் தாங்காது, பியூட்டைல் ரப்பர்தான் தாங்கும். உங்கள் லேபில் அது இருக்காது, எங்களிடமும் இல்லை. அதனால் இன்றிலிருந்து டி.எம்.எஃப். ரியாக்‌ஷனை லேப்மேட் கையில் கொடுத்துவிடுங்கள். காலம் குரோமட்டோகிராபி ஓட்டுவது, கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டா பக்கம் நிற்பது எல்லாவற்றையும்தான். ஹூட் ஓடாத அறையில் நிற்கவே வேண்டாம். என்.எம்.ஆர். டேட்டா பிரிப்பது, ரிவ்யூ எழுதுவது, முதல் இரண்டு அத்தியாயம் என்று உட்கார்ந்து செய்யும் வேலை எப்படியும் பாக்கி இருக்குமே, அதை இப்போது எடுங்கள்.

பாதுகாப்புத் தரவுத்தாளை பிரிண்ட் எடுத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். "வேதிப்பொருள் தொடர்பைத் தவிர்க்க வேண்டும்" என்று அவர் சீட்டில் எழுதிவிட்டால் கைடிடம் வாதாட வேண்டிய அவசியமே இல்லை.

ஈரோட்டண்ணன் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தங்கை எம்.எட். படிக்கிறாள், இதே நிலைமை. அவளுக்கும் இந்த 240 நாள் உண்டா? அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்கிறார்கள்.

பழையகோப்பு எழுதியது:

தம்பி, 240 நாள் பிஎச்.டி.க்கு. உங்கள் தங்கைக்கு அது பொருந்தாது. ஆனால் 2021 டிசம்பரில் யு.ஜி.சி. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. இளநிலை, முதுநிலை மாணவியருக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைத் தளர்வு, தேர்வு விண்ணப்பத்துக்குக் கூடுதல் அவகாசம் ஆகியவற்றுக்கு விதி வகுக்கச் சொல்கிறது அது. கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 60 நாள் என்று முடிவே செய்துவிட்டது. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் ஒரு எம்.எட். மாணவிதான். மகப்பேறு விடுப்பு கிடையாது என்ற பல்கலைக்கழகத்தின் முடிவை நீதிமன்றம் ரத்து செய்தது. யு.ஜி.சி. கடிதத்தையும் இந்தத் தீர்ப்பையும் குறிப்பிட்டு கல்லூரி முதல்வருக்கு எழுதச் சொல்லுங்கள், பதிவாளருக்கு நகல். பதில் வராவிட்டால் மாணவர் குறைதீர் குழு. யு.ஜி.சி.யின் 2023 விதிப்படி எல்லாக் கல்லூரியிலும் அது இருக்க வேண்டும், 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதற்கு மேலே பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தங்கையையே எழுதச் சொல்லுங்கள், அண்ணன் கையெழுத்து செல்லாது.

கரிமவேதி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிலிக்காஜெல், லேபிளைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன எழுத்தே இருக்கிறது. கைடிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் என் பெஞ்சை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

கோப்பம்மா, எங்கள் ஒழுங்குவிதியிலும் 240 நாள் இருக்கிறது, பிரிவு எண்ணைக் குறித்துவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம். இப்போது ஹாஸ்டலில் இருக்கிறேன். ஏழாம் மாதம் காலி செய்யச் சொல்கிறார் வார்டன். பிறகு அம்மாவோடு பக்கத்தில் வீடு எடுக்க வேண்டும். வீட்டு வாடகைப்படி கிடைக்குமா? குழந்தையோடு திரும்பி வந்தால் வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் ஏதாவது கேட்க முடியுமா? அப்புறம் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்றும் சொல்லுங்களேன்.

பழையகோப்பு எழுதியது:

வாடகைப்படியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹாஸ்டல் கொடுத்தும் நீயாக வேண்டாமென்றால் வாடகைப்படி கிடையாது. ஹாஸ்டலில் இடம் தர இயலாது என்றால் உண்டு. அதனால் நீயாகக் காலி செய்வதாகக் கடிதம் கொடுத்துவிடாதே. "கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இங்கே தங்க வசதி இல்லை" என்று வார்டனிடம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வா. அந்த ஒரு தாள் இல்லாமல் வாடகைப்படியை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காப்பகம்: 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் திருத்தம் வந்தது. அது பணியாளருக்கானது, ஆய்வாளர் என்று அதில் பெயர் கிடையாது. ஆனால் பணியாளருக்கென்று ஒன்று திறந்துவிட்டால் ஆய்வாளர் பிள்ளையை வாசலில் நிறுத்த மாட்டார்கள். பேராசிரியைகள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கேள், தனியாகக் கேட்டால் நடக்காது. நீ திரும்பி வருவதற்குள் திறப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா இருக்கிறார் என்றால் அதுதான் இப்போதைக்குக் காப்பகம்.

விண்ணப்பம் ஒரே பக்கம். பெறுநர் பதிவாளர். வழி: நெறியாளர், துறைத்தலைவர். பொருளில் உன் பதிவு எண், சேர்ந்த தேதி, "மகப்பேறு விடுப்பு வேண்டுதல்". உள்ளே கதை வேண்டாம், குடும்பச் சூழ்நிலை வேண்டாம், "தாழ்மையுடன்" கூட ஒரு தடவை போதும். எதிர்பார்க்கும் பிரசவ தேதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு, எந்த ஒழுங்குவிதி, எந்தப் பிரிவு. பிறகு நான்கு கோரிக்கை: விடுப்பை அனுமதிக்க வேண்டும், விடுப்புக்காலத்தில் உதவித்தொகை உறுதிசெய்தலைத் தொடர வேண்டும் (யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். விதியில் மகப்பேறு விடுப்புக்கு முழு உதவித்தொகை உண்டு, அதையும் எழுது), அந்த செமஸ்டரின் டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கைத் தள்ளிவைக்க வேண்டும். விடுப்பு நாட்களை ஆய்வுக்காலக் கணக்கில் எப்படி எடுப்பார்கள் என்று ஆணையில் தெரிவிக்க வேண்டும். இணைப்பு: டாக்டர் சான்று, பதிவு ஆணையின் நகல், ஜே.ஆர்.எஃப். ஆணையின் நகல், ஒழுங்குவிதியின் அந்தப் பக்கம். உதவித்தொகையைப் பார்க்கும் பிரிவு தனி என்றால் அவர்களுக்கும் ஒரு நகல் நேராகப் போகட்டும், ஆராய்ச்சிப் பிரிவு அனுப்பும் என்று நம்பி உட்காராதே.

துறை அலுவலகத்தில் கொடுத்தால் அங்கேயே முத்திரையும் தேதியும் போட்டு உன் பிரதியைத் திருப்பி வாங்கு. துறைத்தலைவர் கையெழுத்துப் போட யோசித்தால் சண்டை போடாதே. "பரிந்துரைக்க இயலாது என்றே எழுதிக் கொடுங்கள் சார், மேலே அனுப்பிக்கொள்கிறேன்" என்று சொல். நான் பார்த்தவரை அப்படி எழுத யாருக்கும் பேனா ஓடியதில்லை.

பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் எண்) வாங்கிவிட்டாயா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்திருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். குடும்ப வருமானம் பொருந்தினால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் உதவியும் அதே இடத்தில்தான். செவிலியரிடம் கேள். ஜே.ஆர்.எஃப். வாங்குகிறவருக்குத் தருவார்களா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், ஆனால் எண் எப்படியும் வேண்டும். திங்கட்கிழமை கூட்டமாக இருக்கும், வேறு நாள் போ.