மறு: ‘கொலாட்டரல் டேமேஜ்’ – சேதமா, பலியா?

> தக்கலை சார்: “பக்கச் சேதம் என்றே வைத்துவிடலாம், எளிமையாக இருக்கிறது.”

‘கொலாட்டரல் டேமேஜ்’, அதாவது தாக்குதலில் குறி வைக்காத பொதுமக்களும் அவர்கள் உடைமையும் கூடவே அழிவது, அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். சார், எளிமைதான், மறுக்கவில்லை. எனக்குச் சண்டை ‘சேதம்’ மேல். 2017இல் ஒக்கிப் புயல் அடித்தபோது வாழை சேதம், ரப்பர் சேதம், படகு சேதம் என்று மனு எழுதினோமே, அங்கே செய்தது காற்று, கை நீட்டிக் காட்ட ஆள் கிடையாது. குண்டு விழுகிற இடத்தில் போட்டவன் இருக்கிறான், போடச் சொன்னவன் இருக்கிறான், பக்கத்தில் குடும்பங்கள் இருப்பது தெரிந்தேதான் போடுகிறார்கள். (‘கொலாட்டரல்’ என்றால் கடனுக்கு வைக்கிற பிணையம் என்றும் பொருள் உண்டு, அதை வைத்து ஒரு மொழிபெயர்ப்பில் ‘பிணையச் சேதம்’ என்று பார்த்தேன். அடகு வைத்த நகை மூழ்கிப் போனது மாதிரி இருந்தது.)

> குளச்சல் அண்ணாச்சி: “2012இல் கடலில் நம்ம ஊர்ப் பையனைச் சுட்டார்களே, அதுவும் இதில் சேருமா?”

சேராது அண்ணாச்சி. என்றிகா லெக்ஸி கப்பலிலிருந்து இத்தாலிய வீரர்கள் சுட்டது கடற்கொள்ளையர் என்று நினைத்து. செத்த இரண்டு மீனவர்களில் ஒருவர் கொல்லம், ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டம். குறி வைத்ததே அவர்களைத்தான், ஆள்தான் மாறிவிட்டது. நமக்கு வேண்டியது குறி ஒன்று, சாவது வேறொருவர் என்கிற இடத்துக்கான சொல். ஆனாலும் அந்த வழக்கு போன போக்கைப் பாருங்கள்: அரசுப் பணியில் இருந்தவர்கள், அதனால் இந்தியாவில் விசாரிக்க முடியாது என்று 2020இல் நடுவர் மன்றம் சொன்னது, 2021இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு இங்கே வழக்கை முடித்தார்கள். சீருடை இல்லாத நாலு பேர் அதே தோட்டாவைச் சுட்டிருந்தால் அதற்குப் பெயரே வேறு.

1999 ஏப்ரலில் நேட்டோ படைக் கூட்டணி யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடின் தொலைக்காட்சி நிலையத்தைக் குண்டு போட்டுத் தாக்கியது. இரவு வேலையில் இருந்த 16 பேர் போனார்கள். அதற்கு நாலு வருஷம் முன்னால் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடத்துக்கு வெடி வைத்ததில் 168 பேர், அதில் 19 குழந்தைகள். வைத்தவன் வளைகுடாப் போருக்குப் போய்வந்த பழைய சிப்பாய். செத்த குழந்தைகளைப் பற்றி அவன் சொன்னதும் இதே சொல்தான், கொலாட்டரல் டேமேஜ். படைகளின் சொல்லை எடுத்து அப்படியே போர்த்திக்கொண்டான், அளவும் சரியாகத்தான் இருந்தது!

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சந்தைக் கூட்டத்தையே குறி வைப்பவனுக்கும், ஆயுதக் கிடங்கைக் குறி வைத்து அடுத்த வீட்டையும் சேர்த்து அழிப்பவனுக்கும் வித்தியாசம் உண்டு. எவ்வளவு வித்தியாசம் என்பதை வழக்காடித்தான் முடிவு செய்ய வேண்டும், சொல்லே முந்திக்கொண்டு ஒருவனை விடுவித்துவிடக் கூடாது. போரில் பொதுமக்களைக் காக்க வந்த 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகூட ‘எதிர்பார்க்கத்தக்க’ இழப்பு என்றுதான் பேசுகிறது, அதாவது முன்பே தெரியும்.

மீன் தொழிலிலிருந்து ‘உடன்பிடி’ (பிடிக்க நினைத்த மீனோடு வேண்டாததும் வலையில் சேர்ந்து மாட்டுவது) என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஆசையாகத்தான் இருந்தது, வலைக் கண்ணியைச் சின்னதாக்கிவிட்டுக் குஞ்சு தானாக வந்து மாட்டியது என்று எவனும் சொல்ல முடியாதே. ஆனால் மனுஷனை மீனாக்க மனம் வரவில்லை.

அதனால் அவருடைய ‘உடன்’ மட்டும் போதும்: உடன்பலி. சுடலைமாடன் கொடையில் கிடா வெட்டிவிட்டு ‘ஒரு கிடா சேதம்’ என்றா சொல்கிறோம்? பலி என்றால் கொடுத்தது யார், யாருக்காக என்ற கேள்வி கூடவே வரும். ‘விபத்தில் மூவர் பலி’ என்று போட்டுப்போட்டுச் செய்தித்தாள்கள் அதைத் தேய்த்துவிட்டன, ஒத்துக்கொள்கிறேன், இருந்தாலும் மிச்சம் இருக்கிறது.

விளக்கம் இப்படி: தாக்குதலின் குறி தாங்கள் அல்லாதபோதும், சாவார்கள் என்று தாக்குபவர் அறிந்திருந்தும், கொல்லப்படும் பொதுமக்கள். ‘தாக்குபவர்’ என்ற இடத்தில் தயவுசெய்து படை என்றோ பயங்கரவாதி என்றோ யாரும் திருத்த வேண்டாம். கட்டடத்துக்கும் வண்டிக்கும் உடன்சேதம் இருக்கட்டும், சாருடைய சொல்லும் பாதி பிழைத்தது.