வெள்ள முகாமில் நடக்க ஏலாதவர்களையும் தனித்திருக்கும் பெண்களையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கண்டாவளைப் பெடியன்:

வணக்கம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்ததோடு எங்கள் பக்கமும் தண்ணீர் ஏறிவிட்டது. 2018 டிசம்பர் வெள்ளம் அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எண்பது குடும்பம் மட்டில் தங்கியிருக்கிறார்கள். நானும் நாலைந்து பெடியளும் சாப்பாடு, தண்ணீர் அலுவல் பார்க்கிறோம். சமைத்த சாப்பாடு தாராளமாகவே வருகிறது.

யுத்தத்தில் கால் போன ஐயா ஒருவர் இருக்கிறார். நேற்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்டால் "பசிக்கேல்லைத் தம்பி" என்கிறார். மருமகள் சொல்லித்தான் விளங்கியது. மலசலகூடம் பின்பக்கம் இருக்கிறது, மூன்று படி ஏற வேண்டும், இரவில் லைட் இல்லை. அங்கே போகாமல் சமாளிக்கத்தான் மனுசன் பட்டினி கிடக்கிறார்.

இவரைத் தவிர, காது கேளாத பிள்ளை ஒன்று, நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர், தனித்த வயதான அம்மாக்கள், ஆண் துணையில்லாமல் பிள்ளைகளோடு வந்த பெண்கள் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களுக்கு என்ன ஒழுங்கு செய்யலாம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தம்பி, ஒரு வகுப்பறையை ஒதுக்கி இப்படியானவர்கள் எல்லாரையும் அதற்குள் விடுங்கள். யார் யார் என்று பட்டியல் எழுதி வாசலில் ஒட்டுங்கள். உதவி கொண்டுவருபவர்கள் தேடித் திரியாமல் நேரே கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒற்றைச் செருப்பு:

வாத்தியார் சேர் குறை நினைக்க வேண்டாம். அந்த இரண்டையும் செய்யாதீர்கள் தம்பி.

எனக்கும் ஒரு கால்தான். 2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தேன். கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெரிய மனிதர்களின் பெயரைப் பிரிவுகளுக்கு வைத்திருந்தார்கள். ஒரு பிரிவில் இருப்பவர் அடுத்த பிரிவில் இருக்கும் சொந்தத்தைப் போய்ப் பார்க்க முடியாது, நடுவில் முள்ளுக்கம்பி. என்னை மலசலகூடத்துக்குத் தாங்கிக்கொண்டு போகக்கூடிய அண்ணன் ஒரு பிரிவில், நான் வேறொன்றில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஐயாவை மருமகளிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்தால் யார் அவரைத் தூக்குவது? இரவில் நீங்கள் நித்திரை கொள்ளப் போய்விடுவீர்கள். குடும்பத்தோடு சேர்த்தே மலசலகூடத்துக்குக் கிட்டவுள்ள மண்டப மூலைக்கு மாற்றுங்கள். மற்ற ஆட்கள் இரண்டு பாய் தள்ளிப் படுப்பார்கள், அவ்வளவுதான்.

பட்டியல் கட்டாயம் வேண்டும். ஆனால் அது உங்கள் கொப்பிக்குள் இருக்கட்டும். ஆண் துணையில்லாத பெண்களின் பெயரை வாசலில் ஒட்டினால், இரவில் யார் எங்கே தனியாகப் படுக்கிறார்கள் என்று ஊருக்கே நோட்டீஸ் போட்டது மாதிரி. (உதவி கொண்டுவந்து படம் எடுக்கிற ஆட்களிடமும் அந்தக் கொப்பியைக் கொடுத்துவிடாதீர்கள். என் ஊன்றுகோலைப் படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.)

பட்டியலை எழுதுகிற முறைதான் முக்கியம். நீங்கள் சாப்பாட்டு வரிசையில் நின்று ஆள் எண்ணுவீர்கள். வரிசைக்கு வர முடிந்தவன் எப்படியோ தப்பிக்கொள்வான். மெனிக் பாமில் தண்ணீர் பவுசர் வந்து நின்றால் இளந்தாரிகள் வாளியோடு ஓடுவார்கள். நான் கூடாரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு பக்கத்துக் கூடாரப் பிள்ளை ஒன்று தங்கள் வாளியோடு என்னுடையதையும் கொண்டுபோகத் தொடங்கியது, அதனால் பிழைத்தேன். அந்தப் பிள்ளையை எனக்கென்று ஒருவரும் நியமிக்கவில்லை. ஆகவே சாப்பாடு கொடுத்து முடிந்த பிறகு பாய் பாயாகப் போய், "ஆர் வரேல்லை, ஏன் வரேல்லை" என்று கேளுங்கள். முகாமுக்கே வராமல் வீட்டுப் பரணிலும் சொந்தக்காரர் வீட்டிலும் இருப்பவர்களைப் பற்றியும் விசாரியுங்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களைத் தூக்கிவர ஆளில்லாமல் விட்டுவிட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள்.

ஐயாவின் மலசலகூடப் பிரச்சினைக்கு என்னிடம் வழி இருக்கிறது. குந்தி இருக்கும் மலசலகூடம் ஒற்றைக் காலோடு பெரிய தண்டனை. பிளாஸ்ரிக் கதிரை ஒன்று எடுங்கள். பழைய கத்தியை அடுப்பில் நன்றாகக் காய்ச்சி, இருக்கையின் நடுவில் நீள்வட்டமாகத் துவாரம் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு தொடையைக் கிழிக்கும், அதனால் பழைய சைக்கிள் ரியூப்பைப் பிளந்து விளிம்பு முழுக்கச் சுற்றிக் கட்டுங்கள். ஈரச் சீமெந்தில் வழுக்காமல் இருக்க நாலு கால்களிலும் அதே ரியூப் துண்டை மாட்டுங்கள். அப்படியே குழிக்கு மேலே வைத்தால் சரி. சுவரில் ஆணி அடித்துப் பிடித்து எழும்ப ஒரு கயிறு கட்டுங்கள். படிகளை மண்மூட்டையும் பலகையும் போட்டுச் சரிவாக்கலாம். வயதான அம்மாக்களும் அதே கதிரைக்கு வருவார்கள், பாருங்கள்.

நிலத்தில் படுத்தால் எழும்ப முடியாதவர்களுக்கு வகுப்பறை வாங்கு இரண்டைச் சேர்த்துக் கட்டினால் கட்டில். காது கேளாத பிள்ளைக்கு ஒலிபெருக்கியால் பயனில்லை. கரும்பலகை இருக்கிறதுதானே? சாப்பாட்டு நேரம், டொக்டர் வரும் நேரம் எல்லாம் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் படம் கீறுங்கள்.

வெளியே தறப்பாள் கொட்டில் போட்டால் கயிறுகளில் வெள்ளைச் சீலைத் துண்டு கட்டுங்கள். 2009 ஓகஸ்ட் மழையில் எங்கள் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்து, மலசலகூடக் குழிகளும் நிரம்பின. ஊன்றுகோல் சேற்றில் ஒரு முழம் இறங்கும், இருட்டில் கூடாரக் கயிறு தடுக்கும். பக்கத்தில் இருந்த கண் தெரியாத பெரியவர் ஒருவர்தான் கயிறுகளில் வெள்ளை மாச்சாக்குத் துண்டு கட்டச் சொன்னார். கண் தெரியாதவருக்கு வெள்ளைத் துண்டு எதற்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். "துண்டு கையில் தட்டுப்படும், நிண்டிடுவன்" என்றார். அதன் பிறகு கண் தெரிந்த நாங்களும் விழவில்லை. உங்கள் முகாம் குழுவில் அந்த ஐயாவையும் ஒரு தனித்த அம்மாவையும் சேருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அவர்கள் மேல் இரக்கப்பட்டுச் சேர்க்கச் சொல்லவில்லை.

குடும்ப நல மாது:

அண்ணா சொன்னதோடு இன்னும் கொஞ்சம். தம்பி, அந்த நிறைமாதக்காரியை வலி வரும்வரை வைத்திருக்காதீர்கள். பாதை மூடுவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. கர்ப்பிணி அட்டையைப் பொலித்தீன் பையில் போட்டுக் கையோடு கொடுத்துவிடுங்கள். கிளினிக் கொப்பி வெள்ளத்தில் போனவர்களின் பெயரையும் எழுதுங்கள். பிரஷர், சீனி, வலிப்பு, மனநோய் மருந்துகள் இடையில் நிற்கக் கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொன்னால் ஒழுங்கு செய்வார்கள்.

பெண்கள் மலசலகூடத்துக்கு உட்பக்கக் கொக்கி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சர்வதேச அளவுகோலில் ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அது நடக்காது, ஆனால் ஆண்கள் பக்கத்தில் ஒன்றைப் பெண்களுக்கு மாற்றலாம். நப்கினை வரிசையில் எல்லார் முன்னாலும் கொடுக்க வேண்டாம், ஒரு அக்காவிடம் கொடுத்து வைத்தால் போதும். பெண்களுக்குத் தொந்தரவு என்றால் 1938, பிள்ளைகளுக்கு 1929. தண்ணீர் இன்னும் ஏறினால் இடர் முகாமைத்துவ நிலையம் 117.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

பட்டியல் விசயம் நான் யோசிக்காத பக்கம். சரி, ஒட்ட வேண்டாம். ஆனால் கிராம அலுவலரிடம் ஒரு பிரதி இல்லாவிட்டால் பிறகு நிவாரணத்தில் பெயர் விடுபடும்.

ஒற்றைச் செருப்பு:

அது சரி சேர். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தருக்கும் கொடுக்கலாம். பெண்கள் விசயத்துக்கு அங்கேயே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். "எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் செய்வோம், தனிக் கவனிப்பு இல்லை" என்று யாராவது சட்டம் பேசினால், உள்ளக இடம்பெயர்வு பற்றி 1998இல் ஐ.நா. வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் நாலாவதைக் காட்டுங்கள். பிள்ளைகள், கர்ப்பிணிகள், குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் என்று எடுத்துச் சொல்லி, அவர்களின் நிலைக்கேற்ற கவனிப்பு வேண்டும் என்றுதான் இருக்கிறது.

கண்டாவளைப் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. கர்ப்பிணி அக்காவை மத்தியானமே அனுப்பிவிட்டோம். ஐயாவுக்கு இடம் மாற்றியாயிற்று. கதிரை வெட்டப் போகிறோம் என்றதும் அவரே கத்தியை வாங்கி, துவாரம் எவ்வளவு வேண்டும் என்று கரியால் கீறிக் காட்டினார். மண்டபத்தில் கிடந்த கதிரைக்குக் கைப்பிடி இல்லை, பரவாயில்லையா?

ஒற்றைச் செருப்பு:

கைப்பிடி கட்டாயம் வேண்டும், எழும்பும்போது அதைத்தான் ஊன்றுவோம். அதிபர் அறையில் ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். துவாரத்தை முன்பக்கம் கொஞ்சம் நீட்டி வெட்டச் சொல்லுங்கள்.