பட்டர்மியரில் ஓர் அக்டோபர் நாள்: முதலில் நடையா, நீச்சலா?

கெண்டல்வாசி:
அக்டோபரில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட்டில் எங்கே போகலாம் என்று லண்டன் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். பட்டர்மியர் ஏரிக்குப் போங்கள். ஏரியைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். ஏற்றம் அதிகமில்லை, நின்று நின்று போனாலும் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். வடகிழக்குக் கரையில் ஹாஸ்னஸ் பக்கம் பாறையைக் குடைந்த ஒரு சின்னச் சுரங்கம் உண்டு. உள்ளே இருட்டாக இருக்கும், காலடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அந்தக் கரையில் ஒரு பகுதியை உள்ளான் பறவைகள் கூடு கட்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை மூடிவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் அந்தத் தடை இல்லை. சரிவெல்லாம் பெரணி காய்ந்து துருநிறமாக இருக்கும். கோடையில் பிடுங்கி எடுக்கும் மிட்ஜ் பூச்சிகளும் போயிருக்கும். நடையை முடித்து, உடம்பில் சூடு இருக்கும்போதே ஏரியில் இறங்கி நீந்துங்கள். அப்புறம் சூடாக ஒரு தேநீர். இதைவிட நல்ல நாள் அமையாது.

குளிர்நீர்க்காரி:
இடம் சரி அண்ணா, வரிசைதான் சரியில்லை. நீச்சலை முதலில் வையுங்கள். ஏரிக்குத் தென்மேற்கே 807 மீட்டர் உயர ஹை ஸ்டைல் சுவர் மாதிரி நிற்கிறது. அக்டோபரில் சூரியன் தாழ்வாகவே போவதால் மதியம் தாண்டியதும் அந்த மலையின் நிழல் தண்ணீர்மேல் விழுந்துவிடும். நீங்கள் நடந்து முடித்து வரும்போது வெயில் இருக்காது, காற்று மட்டும் இருக்கும். அப்புறம் அந்த ‘உடம்புச் சூடு’. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் இறங்கினால் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு மூச்சு தானாகவே இழுக்கும், நெஞ்சு படபடக்கும். நடந்துவந்த சூடு இதைத் தடுக்காது. களைத்த காலோடு, காலியான வயிற்றோடு போய் இறங்குவதுதான் மிச்சம்.

கெண்டல்வாசி:
தங்கச்சி, வெளியே வந்த பிறகு நடப்பதையும் சொல்லுங்கள். கரையேறி உடை மாற்றிய பிறகும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு உட்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில், ஈரத் தலையோடு மூன்று மணி நேரம் நடக்கச் சொல்கிறீர்களா? அதுவும் இந்த ஊர் மழையில்? ஏரியின் தலைமாட்டில் இருக்கும் ஹானிஸ்டர் கணவாயில்தான் 2015 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 341 மில்லிமீட்டர் கொட்டியது. பிரிட்டனில் ஒரு நாள் மழைக்கு அதுதான் சாதனை. நடை முடிந்து நீந்தினால் நேராகக் கூரைக்குக் கீழே போய்விடலாம்.

குளிர்நீர்க்காரி:
கரையேறியதும் நடக்கச் சொல்லவில்லை. ஈரத் துணியைக் களைந்து, முதலில் மேலுடம்புக்குக் கம்பளி, தலைக்குத் தொப்பி, அப்புறம் காலுக்கு. விரல் விறைத்திருக்கும், பொத்தான் மாட்ட வராது. அதனால் தலைவழியாகப் போடும் தளர்வான உடைதான் வேண்டும். பிளாஸ்க் தேநீரும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு, நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருங்கள். அதற்குப் பிறகு மெதுவாக நடந்தால் உடம்பு தானாகச் சூடேறும். உங்கள் வரிசைப்படி போனால் அதே நடுக்கத்தோடு காரில் ஏறுவார்கள். கெஸ்விக் ஊருக்குத் திரும்ப ஹானிஸ்டர் வழியாகப் போனால் 25 சதவீதச் சரிவு. மாதக் கடைசியில் குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்திவிட்டால் ஐந்து மணிக்குள் சூரியனும் மறைந்துவிடும். விறைத்த கையோடு அந்த இருட்டில் வண்டி ஓட்டுவதுதான் எனக்குப் பயம்.

ஏரிப்பித்தன்:
காரே வேண்டாம் என்றால் விண்டர்மியர் இருக்கிறதே? ரயிலில் இறங்கி நடந்தே ஏரிக்குப் போய்விடலாம்.

கெண்டல்வாசி:
வேண்டாம் தம்பி. படகுப் போக்குவரத்து அதிகம், கழிவுநீர் கலப்பதைப் பற்றிப் பல வருடங்களாகப் போராட்டம் நடக்கிறது, வெப்பமான மாதங்களில் நீலப்பச்சைப் பாசியும் வருகிறது. அதோடு ஒரே நாளில் இரண்டு மூன்று ஏரியில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: டெர்வென்ட்வாட்டர் ஏரியில் நியூசிலாந்து பிக்மிவீட் என்ற வேற்றுநாட்டுக் களை பரவியிருக்கிறது. நீச்சல் உடையைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டு போனாலே முளைத்துவிடும்.

வைகைக்கரையான்:
இருவரும் முன்னால், பின்னால் என்று பேசுகிறீர்கள். அக்டோபரில் புதிதாக வருகிறவர் ஏன் இறங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நம் ஆட்கள் கிணற்றிலும் கண்மாயிலும் குதித்துப் பழகியவர்கள். நீச்சல் தெரியும் என்ற தைரியம் இருக்கும், தலைகீழாகப் பாய்வார்கள். தண்ணீருக்குள் தலை இருக்கும்போது மூச்சு இழுத்தால் அவ்வளவுதான். அந்த முதல் நிமிடத்தில் எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தும் பயனில்லை.

குளிர்நீர்க்காரி:
குதிக்கவே கூடாது, அதில் உங்களோடு நான். ஆனால் இலையுதிர் காலம் என்றாலே ஆபத்து என்று சொல்லாதீர்கள். ஏரி மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும். அதனால் மே மாதத்தை விட செப்டம்பரில் தண்ணீர் இதமாக இருக்கும். கோடை முழுக்க வாரம் தவறாமல் நீந்தியவர்களுக்கு அக்டோபர் திடீர் அதிர்ச்சி இல்லை. புதியவர் என்றால் துணையோடு, இடுப்பில் ஆரஞ்சு மிதவையைக் கட்டிக்கொண்டு, மெதுவாக நடந்து இறங்கட்டும். மூச்சு சீராகும்வரை நிற்கட்டும். பிறகு கரையை ஒட்டியே, கால் எட்டும் ஆழத்தில், ஓரிரு நிமிடம் போதும். அங்கிருந்து பார்த்தால் ஏரிமுனையில் வரிசையாக நிற்கும் பைன் மரங்களும் ஃபிளீட்வித் பைக் மலையும் கண்மட்டத்திலிருந்து எழுந்து நிற்கும். கரையில் நிற்பவருக்கு அந்தக் காட்சி கிடையாது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கெண்டல்வாசி:
மலை நிழல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்காகக் காலையில் சீக்கிரமே நடையைத் தொடங்கச் சொல்வேன். வரிசையை மாற்ற மாட்டேன். மழைக்கால மலையடிவாரத்தில், நனைந்து குளிர்ந்த உடம்போடு கூரையிலிருந்து விலகி நடப்பதை என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

வைகைக்கரையான்:
மாதக் கடைசியில் என் மகளும் தோழிகளும் கெஸ்விக் வருகிறார்கள். அவளுக்கு நடைப்பாதையை மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன். நீந்த ஆசை இருந்தால் அடுத்த ஜூனில் தொடங்கட்டும், இதே ஏரிக்கு அக்டோபரில் நானே கூட்டிவருகிறேன்.