எப்ஸ்டீனின் 2007 ஒப்பந்தம்: இரண்டு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து என்னதான் பேசினார்கள்?

செந்தூரன் (கேள்வி)

சிறுமிகளைப் பாலியல் கொடுமை செய்த அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் வழக்கைப் பற்றி எதைப் படித்தாலும் கடைசியில் ஃபுளோரிடாவில் 2007-ல் போட்ட ஒப்பந்தத்தில்தான் வந்து முட்டுகிறது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமிகளை அடையாளம் கண்டிருந்தது என்கிறார்கள். தண்டனையோ 18 மாதம். அதிலும் சுமார் 13 மாதத்தில் வெளியே வந்துவிட்டார். உள்ளே இருந்த காலத்திலும் வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 12 மணி நேரம் வரை தன் அலுவலகத்தில் போய் உட்கார அனுமதி.

யாரோ லஞ்சம் வாங்கினார்கள் என்றால் கதை எளிது. ஆனால் வெளியான கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் பார்த்தால் எல்லாம் முறைப்படி, மரியாதையாக, வரைவு மேல் வரைவாக நடந்திருக்கிறது. எனக்குப் புரியாதது அதுதான். இந்தப் பேச்சுவார்த்தையில் நீதிபதி இருக்க மாட்டாரா? கையில் இவ்வளவு சாட்சி இருக்கும்போது அரசுத் தரப்பு ஏன் இறங்கி வர வேண்டும்? பாலியல் வழக்குகளில் பேரமே கூடாது என்று சொல்லிவிடலாமா? சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

கரிசல்

இதில் விளக்க என்ன இருக்கிறது தம்பி? பணக்காரன், பெரிய வக்கீல், சின்னத் தண்டனை. பணம் இல்லாதவன் இதே குற்றத்தைச் செய்திருந்தால் ஆயுளுக்கும் உள்ளேதான். அவ்வளவுதான் விஷயம்.

வசந்தா

கரிசல் சொல்வது தவறில்லை. ஆனால் பணம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதுதானே செந்தூரனின் கேள்வி.

நான் வக்கீல் அல்ல. அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் ஒரு சிறிய அலுவலகத்தில் பாராலீகலாக (வக்கீல்களுக்கு உதவியாளராக) நெடுநாள் வேலை பார்த்தவள். ஒப்பந்த வரைவுகள் வருவதும் போவதும் என் மேசை வழியாகத்தான். எப்ஸ்டீன் வழக்கில் எனக்குத் தனியாக எந்த ரகசியமும் தெரியாது. நீதிமன்றத் தீர்ப்புகளிலும், அமெரிக்க நீதித்துறை 2020 நவம்பரில் வெளியிட்ட உள்விசாரணை அறிக்கையிலும் இருப்பதை வைத்தே சொல்கிறேன்.

நீதிபதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பெடரல், அதாவது மத்திய அரசின், குற்றவியல் நடைமுறை விதி 11-ன்படி, பேரத்தில் நீதிபதி கலந்துகொள்ளவே கூடாது. இரண்டு தரப்பும் பேசி முடித்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தமாக அவர் முன் கொண்டுபோய் வைக்கும்போதுதான் ஏற்பதா தள்ளுவதா என்று அவர் பார்ப்பார். 2007 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தானது அந்த வகைக் காகிதமே அல்ல. அது வழக்குத் தொடராமை ஒப்பந்தம். பெடரல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகையே தாக்கலாகாததால், அதைப் படித்து முகம் சுளிக்க ஒரு பெடரல் நீதிபதியே இல்லை. பிறகு 2008 ஜூன் 30 அன்று மாநில நீதிமன்றத்தில் இரண்டு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். அந்த நீதிபதியின் கையில் இருந்தது மாநில வழக்கு மட்டும்தான்.

அப்புறம், பேரம் என்பதே ஏதோ இருட்டு வேலை என்று நினைக்க வேண்டாம். பெடரல் தண்டனைகளில் 97 சதவீதம் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருபவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012-ல் ஃபிரை வழக்கில் குறிப்பிட்டது. விசாரணை வரை போவதுதான் அபூர்வம். எங்கள் அலுவலகத்தில் வழக்கு வந்த உடனேயே இரண்டு பேரும் மனதுக்குள் போடும் கணக்கு ஒன்றுதான்: இது ஜூரி முன் போனால் என்ன ஆகும்?

இந்த வழக்கில் அந்தக் கணக்கு எப்படி ஓடியது என்று பாருங்கள். 2007 மே மாதமே வழக்கைக் கையாண்ட உதவி அரசு வழக்கறிஞர் 82 பக்கக் குறிப்பும் 53 பக்க வரைவுக் குற்றப்பத்திரிகையும் எழுதி மேலே அனுப்பிவிட்டார். அதாவது கீழ்நிலையில் வேலை செய்தவர் தயார். தயங்கியது மேலே. எதிர்த்தரப்பில் கென்னத் ஸ்டார், ஜே லெஃப்கோவிட்ஸ், ஆலன் டெர்ஷோவிட்ஸ், ராய் பிளாக், ஜெரால்ட் லெஃப்கோர்ட் என்று ஒரு படையே இருந்தது. இது மாநிலத்துக்குரிய வழக்கு, பெடரல் சட்டம் பொருந்தாது என்று கட்டுக்கட்டாக எழுதினார்கள். அந்தச் சிறுமிகள் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை எப்படி இருக்கும் என்பதையும் உணர்த்தினார்கள். எந்தப் பாலியல் வழக்கிலும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான். நாங்களும் இதை வைத்துப் பேசியிருக்கிறோம், மறைக்க மாட்டேன். சாட்சி உடைந்துபோவாளோ, ஜூரி நம்பாமல் போய்விடுமோ என்ற பயம் அரசுத் தரப்புக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் விசாரணையைத் தவிர்க்க நினைக்கும் ஒரு மேலதிகாரிக்கு அதே பயம் ரொம்ப வசதியாகவும் இருக்கும்.

கரிசல் சொன்ன பணம் உள்ளே வரும் வாசல், மேலே போய்க்கொண்டே இருக்கும் வசதி. எங்கள் கட்சிக்காரர்களுக்காக உதவி அரசு வழக்கறிஞரிடம் பேசுவோம். அவர் முடியாது என்றால் முடியாதுதான். எப்ஸ்டீனின் ஆட்கள் அவருடைய மேலாளர், அவருக்கும் மேலே, கடைசியில் தெற்கு ஃபுளோரிடாவின் தலைமை அரசு வழக்கறிஞர் அலெக்சாண்டர் அகோஸ்டா என்று ஏறினார்கள். 2007 அக்டோபர் 12 அன்று வெஸ்ட் பாம் பீச்சில் ஒரு மேரியட் ஹோட்டலில் அகோஸ்டாவும் லெஃப்கோவிட்ஸும் காலை உணவோடு சந்தித்திருக்கிறார்கள். கையெழுத்தான பிறகும் விடவில்லை. வாஷிங்டன் வரை போய் முறையிட்டு, 2008 ஜூனில் தலையிட முடியாது என்று பதில் வந்த பிறகுதான் எப்ஸ்டீன் மாநில நீதிமன்றத்துக்குப் போனார். அரசு வக்கீல்களின், அவர்களுடைய குடும்பத்தாரின் சொந்த வாழ்க்கையைக்கூட எதிர்த்தரப்பு தோண்டியது என்று அகோஸ்டாவே 2011-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். எல்லோரும் 18 மாதத்தைப் பார்த்துத்தான் கொதிக்கிறார்கள். எனக்குக் கொதித்தது வேறு இடத்தில். அரசு கேட்டு வாங்கியவை: மாநில நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதல், 18 மாதச் சிறை, அதன் பிறகு 12 மாதக் கண்காணிப்பு, பாலியல் குற்றவாளிப் பதிவேட்டில் பெயர், பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட வழி. சரி, குறைவுதான், ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கொடுத்தவை: தெற்கு ஃபுளோரிடாவில் அவர் மீது பெடரல் வழக்கு இல்லை. அதற்கும் மேலே, நான்கு பேரின் பெயரைச் சொல்லி, அவர்களோடு நிறுத்தாமல், உடந்தையாக இருந்திருக்கக்கூடிய எவர் மீதும் வழக்கு இல்லை என்று ஒரு வரி. யார் என்றே தெரியாதவர்களுக்கு முன்கூட்டியே மன்னிப்பு! நாங்கள் இப்படி ஒரு வரியை வரைவில் எழுதி அனுப்பியிருந்தால் அரசு வக்கீல் போன் போட்டுச் சிரித்திருப்பார்.

பகலில் வெளியே போகும் சலுகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதல்ல. அது உள்ளூர் ஷெரிஃப் (காவல் தலைவர்) அலுவலகம் கொடுத்தது. ஆனால் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது ரகசியம். பத்திரிகைகளின் கண்ணில் படாமல் எங்கே, எப்படித் தாக்கல் செய்யலாம் என்று இரண்டு தரப்பும் மின்னஞ்சலில் கலந்து பேசியிருக்கின்றன. ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதத்துக்கும் மேலான பிறகு, 2008 ஜனவரியில், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எஃப்பிஐயிலிருந்து கடிதம் போகிறது: வழக்கு இன்னும் புலன்விசாரணையில் இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்று. யாருடைய சாட்சியம் பலவீனம் என்று சொல்லிப் பேரம் பேசினார்களோ, அவர்களுக்கே பேரம் முடிந்த செய்தி தெரியாது. பாதிக்கப்பட்டவர்களுக்கான 2004-ம் ஆண்டுச் சட்டத்தை அரசுத் தரப்பு மீறிவிட்டது என்று நீதிபதி கென்னத் மாரா 2019 பிப்ரவரியில் தீர்ப்பு எழுதினார். பதினோரு வருடம் கழித்து.

பேரமே கூடாது என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். நான் சொல்ல மாட்டேன். லாரி நாசர் வழக்கைப் பாருங்கள். சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பாலியல் கொடுமை செய்த ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர். அங்கேயும் பேரம்தான். 2017 நவம்பரில் மிச்சிகனில் இரண்டு கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பத்துக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். அரசு வழக்கறிஞர் ஏஞ்சலா பொவிலைடிஸ் அதற்குப் பதிலாகக் கேட்டு வாங்கியவற்றில் ஒன்று, குற்றச்சாட்டில் இடம்பெறாத பெண்களும் தண்டனை நாளில் நீதிமன்றத்தில் பேசலாம் என்பது. விசாரணைக்குப் போயிருந்தால் இத்தனை பேர் பேசியிருக்க வழியே இல்லை. 2018 ஜனவரியில் நீதிபதி ரோஸ்மேரி அக்விலினாவின் நீதிமன்றத்தில் 156 பேரின் வாக்குமூலங்கள், பல நாட்கள். தண்டனை 40 முதல் 175 வருடம். அதே மாதிரி மேசை, அதே மாதிரி இரண்டு தரப்பு. ஒரு இடத்தில் அரசு தன் விட்டுக்கொடுத்தலை வைத்துப் பெண்களுக்கு மைக் வாங்கிக் கொடுத்தது. இன்னொரு இடத்தில் அவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது.

செந்தூரன்

நன்றி அக்கா, கொதிக்க வேண்டிய இடமே வேறு என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு சந்தேகம். அந்த உடந்தையாளர் வரி அவ்வளவு அகலமானது என்றால், எப்ஸ்டீனுக்குச் சிறுமிகளைச் சேர்த்துக் கொடுத்த கிஸ்லேன் மேக்ஸ்வெல் நியூயார்க்கில் எப்படி மாட்டினார்? அகோஸ்டாவுக்கு என்ன ஆனது?

ஆதிரை

வசந்தா மேடம் எழுதியதோடு, பாலியல் குற்றச்சாட்டில் சிக்கிய அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் காஸ்பியின் வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே காகிதமே கிடையாது. 2005-ல் பென்சில்வேனியாவின் மான்ட்கோமரி கவுண்டி வழக்கறிஞர் புரூஸ் காஸ்டர், வழக்குத் தொடரப் போவதில்லை என்று ஒரு பத்திரிகை அறிக்கை விட்டார். அதற்குப் பிறகு உரிமையியல் வழக்கில் காஸ்பி மௌனம் காக்காமல் சாட்சியம் சொன்னார். பின்னால் வந்த வழக்கறிஞர்கள் அந்தச் சாட்சியத்தையும் வைத்து வழக்குப் போட்டு, 2018-ல் தண்டனையும் வாங்கினார்கள். 2021 ஜூன் 30 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னவர் கொடுத்த வாக்கை நம்பித்தானே அவர் வாய் திறந்தார் என்பது காரணம். மூன்று வருடத்துக்கு நெருக்கமாக உள்ளே இருந்தவர் அன்றைக்கே வெளியே வந்துவிட்டார். முறையாக எழுதி, யாருக்கு என்ன என்று வரையறுத்திருந்தால் இரண்டு பக்கமுமே இந்தக் கூத்தைத் தவிர்த்திருக்கலாம்.

கரிசல்

ஆக, எழுதினாலும் தப்பிக்கிறான், எழுதாவிட்டாலும் தப்பிக்கிறான். நல்லா இருக்குங்க உங்க சட்டம்.

வசந்தா

கரிசல், உங்கள் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மேக்ஸ்வெல் தப்பிக்கவில்லை.

செந்தூரன், அவருடைய வக்கீல்கள் அந்த வரியைத்தான் கெட்டியாகப் பிடித்தார்கள். அதில் அமெரிக்க அரசு வழக்குத் தொடராது என்றுதான் இருக்கிறது, எனவே நியூயார்க்கையும் அது கட்டுப்படுத்தும் என்று வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியூயார்க் அடங்கிய இரண்டாவது சர்க்யூட்டின் (வட்டாரத்தின்) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஏற்கவில்லை. ஒரு மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் போடும் ஒப்பந்தம், வேறு மாதிரித் தெளிவாகச் சொல்லாதவரை, அந்த மாவட்டத்தைத்தான் கட்டும் என்பது அங்கே பழைய விதி. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவை எடுக்க மறுத்தது. 20 வருடத் தண்டனை அப்படியே நிற்கிறது. இந்த விதி எல்லா சர்க்யூட்டிலும் ஒன்றுபோல் கிடையாது என்பதையும் கவனியுங்கள். வேறு ஊரில் பிடித்திருந்தால் அவருக்கு வாதாட இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருக்கும்.

அகோஸ்டா 2017-ல் தொழிலாளர் துறை அமைச்சரானார். 2019 ஜூலையில் எப்ஸ்டீன் மறுபடி கைதானதும், மாநிலம் அவரை விட்டுவிடப் பார்த்தது, நாங்கள்தான் சிறைக்கு அனுப்பினோம் என்று செய்தியாளர்களிடம் விளக்கம் சொன்னார். அன்றைய மாநில வழக்கறிஞர் பாரி கிரிஷர் அதை அப்படியே மறுத்தார். அந்த வாரமே அகோஸ்டா பதவி விலகல் அறிவிப்பு. உள்விசாரணை அறிக்கை அவர் மீது தொழில்முறைத் தவறு என்று எழுதவில்லை. தவறான முடிவெடுத்தார் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. எனக்கு அது போதவில்லை.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டது. மாராவின் தீர்ப்பு கடைசி வரை நிற்கவில்லை. எப்ஸ்டீன் 2019 ஆகஸ்ட்டில் இறந்த பிறகு மாராவே வழக்கை முடித்துவைத்தார். மேல்முறையீட்டில் பதினோராவது சர்க்யூட்டின் முழு அமர்வு 2021-ல், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் பாதிக்கப்பட்டவர்கள் இந்தச் சட்டத்தின் கீழ் தனியாக வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டது. இதற்கெல்லாம் முன்பே, 2015-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, குற்ற ஒப்புதல் ஒப்பந்தத்தையும் வழக்கைத் தள்ளிவைக்கும் ஒப்பந்தத்தையும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்திருந்தது. அந்த வரியில் எப்ஸ்டீன் போட்ட வகை, அதாவது வழக்கே தொடராத ஒப்பந்தம், பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை.

நேரம் இருந்தால் மாராவின் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். சட்ட விவாதம் சலிப்பாக இருந்தால் தாண்டிப் போய், 2007 செப்டம்பர் மின்னஞ்சல்களை எடுத்துப் போட்டிருக்கும் பக்கங்களை மட்டுமாவது பாருங்கள்.