தாத்தா நினைவு நூலகம் (குடும்பக் குழு)

பெரியப்பா: நவம்பர் 15 ஆண்டு விழா. மேடையில் ஐந்து நாற்காலி போடுகிறோம். ஒன்றில் யாரும் உட்காரக் கூடாது.

சித்தப்பா: ஏன், கால் உடைந்ததா?

சுமதி அத்தை: போன ஆண்டு என் வீட்டுக்காரருக்கு மேடையில் இடமில்லை என்றீர்கள். இப்போது சும்மா போட்டு வைக்க இடமிருக்கிறதோ?

பெரியப்பா: பொறு சுமதி. அன்றைக்குச் சிறையில் வாடும் எழுத்தாளர்கள் நாள். 1921-இல் லண்டனில் தொடங்கிய ‘பென்’ என்ற எழுத்தாளர் அமைப்பு 1981 முதல் கடைப்பிடிக்கிறது. அடைபட்டுக் கிடக்கும் ஒருவருக்காகக் கூட்டத்தில் நாற்காலியைக் காலியாக விடுவார்கள். 2010-இல் சீன எழுத்தாளர் லியூ சியாவ்போவுக்கு நோபல் அமைதிப் பரிசு. அவரோ சீனாவில் 11 ஆண்டுத் தண்டனையில் இருந்தார். ஆஸ்லோ மேடையில் பதக்கத்தையும் பட்டயத்தையும் வெறும் நாற்காலியில்தான் வைத்தார்கள்.

தேவி: அவர் படத்தையே வைத்துவிடலாமே பெரியப்பா.

பெரியப்பா: 2017-இல் இறந்துவிட்டார் அம்மா. நான் நினைத்திருப்பது தாவித் ஐசக். ஆப்பிரிக்காவில் இருக்கும் எரித்ரியா நாட்டுக்காரர், நாடகாசிரியர். சுவீடனில் தஞ்சம் புகுந்து குடியுரிமை வாங்கியவர். நாடு விடுதலையானதும் திரும்பிப் போய் ‘செதித்’ பத்திரிகையில் சேர்ந்து உழைத்தார். ஜனநாயகம் கேட்டு ஆளுங்கட்சிக்காரர்களே எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வந்தது. 2001 செப்டம்பரில் தனியார் பத்திரிகைகள் அத்தனைக்கும் பூட்டு. இவரையும் பிடித்துப் போனார்கள். இன்றுவரை வழக்கு விசாரணை கிடையாது. 2005-இல் வெளியே விட்டு, சில நாளிலேயே மறுபடி உள்ளே தள்ளினார்கள்.

சித்தப்பா: பந்தல்காரருக்குப் போன ஆண்டு பாக்கியே நிற்கிறது.

சுமதி அத்தை: யார் கொடுக்க வேண்டிய பாக்கி என்பதையும் எழுதுங்கள் சின்னண்ணா.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேவி: 2001 என்றால் நான் பிறக்கவே இல்லை. விசாரணையே இல்லாமலா?

பெரியப்பா: ஆமாம்.

சித்தப்பா: ஆப்பிரிக்கா வரை போவானேன்? நம் பெருமாள்முருகன் இல்லையா?

பெரியப்பா: அவர் வெளியில் இருக்கிறார், எழுதுகிறார். ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கில் 2016-இல் சென்னை உயர் நீதிமன்றமே எழுதச் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு இதே குழுவில் ‘இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும்’ என்று கேட்டது யார்?

சித்தப்பா: பழைய கதை எதற்கு?

சுமதி அத்தை: தேடி எடுத்துப் போடட்டுமா? என் கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது.

தேவி: அத்தை, வேண்டாம். படம் நான் அச்சடித்துத் தருகிறேன். கீழே பெயரோடு 2001 என்று மட்டும் போடுகிறேன்.

பெரியப்பா: எரித்ரியா என்றும் போடு.

சித்தப்பா: கவுன்சிலர் நேராக வந்து அதில் உட்கார்ந்துவிட்டால்?

தேவி: படத்தை நாற்காலியின் மேலேயே வைப்போம்.

சித்தப்பா: எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். உங்களுக்கு அவரைத் தெரியாது.

சுமதி அத்தை: நவம்பரில் மழை கொட்டும். தகரக் கொட்டகை போடச் சொன்னேன், யாராவது கேட்டீர்களா?

பெரியப்பா: சரி, ஆறு நாற்காலியாகச் சொல்லிவிடுவோமா?

சித்தப்பா: வாடகை?

சுமதி அத்தை: ஆறாவது எங்கள் வீட்டுக்காரருக்கு என்றால் நான் தருகிறேன். சுண்டலா கேசரியா, அதைச் சொல்லுங்கள்.

தேவி: சுண்டல்.

சித்தப்பா: கேசரி.