மறு: டைம் அவுட்: காலாவதியா, கெடுவா?

> "காலாவதி" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

தீயரண் (ஃபயர்வால், வலையமைப்பின் காவல்) திரையில் வரும் "டைம் அவுட்"டுக்குத்தானே தமிழ்ச்சொல் தேடுகிறோம்? மருந்து அட்டையில் போட்டிருக்கும் காலாவதி வேறு, தீயரணில் இருப்பது வேறு. மாத்திரையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அந்தத் தேதியோடு அது சரி. தீயரணில் ஒவ்வொரு தரவுப் பொட்டலம் (பாக்கெட்) கடக்கும்போதும் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். இரு பக்கமும் வாய் மூடினால்தான் கணக்கு.

இதை எங்கள் அலுவலக இணையத் தொலைபேசியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் கூப்பிட்டால் போகும். வெளியிலிருந்து கூப்பிட்டால் மணியே அடிக்காது. ஆனால் ஒரு அழைப்பைப் பேசி வைத்த கையோடு யாராவது கூப்பிட்டால் மட்டும் ஒழுங்காக அடிக்கும்! இரண்டு நாள் போனைத்தான் திட்டினோம். அது சர்வரில் தன்னைப் பதிந்துகொண்டது மணிக்கு ஒரு முறை. லினக்ஸ் தீயரணோ, இருபுறமும் பேசிய யூடிபி (முன்கூட்டி இணைப்பை உறுதிசெய்யாமல் தரவு அனுப்பும் முறை) இணைப்பையே 120 விநாடி மௌனத்தில் மறந்துவிடும்; மறந்தபின் வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே விடாது. பதில் வராததை 30 விநாடியில். இணைப்பை உறுதிசெய்துகொண்டு அனுப்பும் டிசிபி-க்கு மட்டும் 4,32,000 விநாடி, அதாவது 5 நாள். என்ன ஓரவஞ்சனை!

அதனால் என் பரிந்துரை "மௌனக்கெடு". முதலில் "அமைதிக்கெடு" என்று எழுதிப் பார்த்தேன், காவல் நிலைய வழக்கு போல இருந்தது. "யூடிபி மௌனக்கெடுவை 300 விநாடிக்கு உயர்த்துக" என்றால் உறுத்தவில்லை. (முகவரி மாற்றும் (நாட்) பெட்டிகளுக்கு இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 4787 பரிந்துரைப்பதும் 5 நிமிடம் அல்லது அதற்கு மேல்தான்.) காலாவதியையும் தூக்கிப்போட வேண்டாம். குறித்த தேதியோடு முடியும் விபிஎன் (மறையாக்கிய தனிவழி இணைப்பு) சான்றிதழுக்கு அதுதான் சரி. ஒரே திரையில் இரண்டும் வரும்போது குழப்பக் கூடாது.

அப்புறம், கீப் அலைவ்: இணைப்பை மறக்கவிடாமல் இடையிடையே அனுப்பும் சிறு செய்தி. "உயிர்ப்புச் செய்தி" எனக்கு ஒட்டவில்லை. கதை கேட்கும் பிள்ளை "உம்" கொட்டாவிட்டால், தூங்கிவிட்டது என்று பாட்டி நிறுத்திவிடுவார் இல்லையா? அதே வேலைதான். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளின் ஆவணம் சொல்லும் 25 விநாடி இடைவெளி, அந்த 30 விநாடிக்குள் ஒரு "உம்". எனவே "உம்கொட்டு இடைவெளி".

> அமைப்புத் திரையில் "உம்கொட்டு" என்று பார்த்தால் சிரிப்பார்களே?

சிரிக்கட்டும். எதற்கு என்று கேட்க மாட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு: "கெடு" தனியே பொத்தானில் வந்தால் ஏவல் வினையாகிவிடுகிறது. முழுச்சொல்லாகத்தான் போட வேண்டும். சுருக்கத்துக்கு யாரிடமாவது யோசனை உண்டா?