நல்ல சம்பளத்தை உதறியவர்களை நேரில் பார்த்த அனுபவம்

மன்னைவாசி:
2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் பழக்கிவிட்ட கணக்கு, உங்களுக்கே தெரியும். எங்கள் பக்கத்துச் சின்ன விதைத் திருவிழாவிலும் அதேதான். வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் விதைப் பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என் பழைய டீம் லீட்! சோழிங்கநல்லூர் ஐடி கம்பெனியில் ஆறு வருடம் அவருக்குக் கீழே இருந்தேன். ஆன்சைட் வாய்ப்பு கையில் இருக்கும்போதே பேப்பர் போட்டு வேலையை விட்ட மனிதர். சிரித்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பேனாவைத் திறந்து, "எவ்வளவு நிலம்?" என்றார். நிலம் இல்லை, மாடியில் தொட்டியில் போடலாம் என்று இழுத்தேன். பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "அப்ப இது உனக்கு இல்லப்பா. நாலு கிலோ திரும்பி வரணும்ல." எனக்குப் பின்னால் நின்ற பெரியவருக்கு அதே பையைக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைச் சம்பா நெல். அவர் மேல் தப்பில்லை. ஆனால் இரண்டு வருடமாகியும் அந்தப் பை கண்ணிலேயே நிற்கிறது.

இஎம்ஐ ராணி:
மேலே எழுதியவர் அந்த டீம் லீட்டின் மனைவியைப் பார்த்தாரா? என் வீட்டுக்காரரும் 2019இல் வேலையை விட்டார். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிய கதையைச் சொல்லாத நாள் இல்லை. முதல் சாகுபடியே காட்டுயானம் நெல். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், கிட்டத்தட்ட 180 நாள். அந்த ஆறு மாதமும் வீட்டுக்கடன் என் சம்பளத்தில்தான் போனது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் என் வளையலை நானே அடகுக்கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் உரசிப் பார்த்துக்கொண்டே, "சார் என்ன பண்றார்?" என்றார். விவசாயம் என்றேன். "அப்ப மீட்க லேட் ஆகும்" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதினார். அரிசி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நைட் டூட்டி:
நான் நர்ஸ். குவைத் விசா வந்திருந்த சமயம், தோழியோடு தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிக்குப் போனேன். ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993இல் குடிசையில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அங்கேதான். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே நர்ஸ் வேலை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், பிறந்த குழந்தையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, குவைத்ல குழந்தை அழுதா எந்த பாஷையில சமாதானம் சொல்வீங்க?" கிண்டலா, நிஜமான சந்தேகமா, இன்றுவரை தெரியாது. போனேன். நான்கு வருடம், கடன் அடைந்தது. வருத்தமெல்லாம் இல்லை. ராணி அக்கா சொன்னதில் பாதி எனக்கும் பொருந்தும். அரபியில் சமாதானம் சொல்லக் கற்றுக்கொண்டேன் என்று அவளிடம் ஒருநாள் சொல்ல வேண்டும்.

ஆடிட்டர் மாமா:
நானும் ஒரு தடவை விட்டேன். 14 மாதத்தில் திரும்பிவந்தேன். "நடுவுல என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டாள் எச்ஆர் பெண். மீன் வளர்த்தேன் என்றேன். அப்படியே டைப் பண்ணிக்கொண்டாள். சரி, அது கிடக்கட்டும். விடப்போகிறவர்கள் கேளுங்கள். நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடியாமல் கிளம்பினால் கிராஜுட்டி, அதாவது பணிக்கொடை, கிடைக்காது. பிஎஃப் கணக்கைத் துடைத்து எடுக்காதீர்கள், பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன். கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். பேப்பர் போடுவதற்கு முன்பே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தால் காத்திருப்புக் காலம் வேறு உண்டு. ஒரு வருடச் செலவைத் தனிக் கணக்கில் போட்டு, ஏடிஎம் கார்டை மனைவி கையில் கொடுங்கள். மன்னைவாசி தம்பி, நிலம் இல்லையென்றால் என்ன? குத்தகைக்கு எடுங்கள். ஒரு மா, அதாவது 33 சென்ட் போதும். வாய்வார்த்தை வேண்டாம், எழுதி வாங்குங்கள்.

இஎம்ஐ ராணி:
மீன் என்ன ஆச்சு மாமா?

மன்னைவாசி:
மாமா, எங்களுக்கு ஒன்பது மா இருந்தது. என் இன்ஜினியரிங் ஃபீசுக்காக 2008இல் அப்பா விற்றுவிட்டார். விதை வாங்கிப்போன அந்தப் பெரியவர் எங்கள் ஊர்தான். டீம் லீட் "எவ்வளவு நிலம்?" என்று கேட்டபோது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.